மண்டபத்துக் கடலில் நாம் இருவர்

இன்று காலை கல்லூரி ஆய்வுக்கூடத்தின் கீழ் அலமாரியைத் திறந்தேன். ஃபார்மலின் நெடியையும் மீறி ஒரு பழைய ரப்பர் வாசனை வந்தது. கொழும்பிலிருந்து உன் அண்ணன் அனுப்பிய நீச்சல் கண்ணாடி, ஜாடிகளுக்குப் பின்னால் கிடந்தது. ரப்பர் விளிம்பு இளகி விரலில் ஒட்டியது. அலமாரியை மூட மனம் வராமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இந்த ஆடியோடு ஓராண்டு ஆகிறது.

அந்தக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வந்த வாரம் எவ்வளவு உற்சாகமாக இருந்தாய்! திருச்சியில் ஒரே கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த நாம், அதுவரை பவளப்பாறையைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். மாணவிகளைக் கடலுக்கு அழைத்துப்போகும் முன் நாம் பழகிக்கொள்ள வேண்டும் என்றாய். பைஜாமாவும் முழுக்கைச் சட்டையுமாக ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் காவிரிக்குள் இறங்கினோம்.

"என்னம்மா இது, மூஞ்சியில டயர மாட்டிக்கிட்டு?" என்று துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்.

"மீனுங்க என்ன பேசிக்குதுன்னு பாக்கப் போறோம்" என்றாய், சிரிக்காமல்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் நீ விளையாட்டுக்காரி இல்லை. குழாய்க்குள் நீர் புகுந்தால் பதறாமல் ஊதித் தள்ளக் கற்றுக்கொள்ளும்வரை என்னைக் கரையேற விடவில்லை. இருப்பது ஒரே கண்ணாடி என்று நான் குறைப்பட்டபோது, "நல்லதாப் போச்சுடி. ஒருத்தி பாத்தா இன்னொருத்தி காவல். நூறு எண்ணினதும் தலையத் தூக்கிக் கையக் காட்டணும். காட்டலேன்னா நான் வந்துடுவேன்" என்றாய்.

மண்டபத்தில் ரயிலிறங்கிய மறுநாள், மாணவிகள் ஆய்வுக்கூட உதவியாளரோடு படகுகளைப் பார்க்கப் போயிருந்தார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் பாறை இடுக்கு வழியாக வெளியே இழுக்கும் என்று ஒரு மீனவர் சொன்னதை நீ இரண்டு முறை கேட்டுக்கொண்டாய். லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து வாங்கி வைத்தாய். முதல் முறை எனக்கு என்றும் விட்டுக்கொடுத்தாய்.

முகத்தை நீருக்குள் வைத்ததும் வேறோர் உலகம். மான்கொம்பு போன்ற பவளங்கள். அவற்றைக் கடித்துத் தின்னும் பச்சை மீன்கள். கடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. இரண்டு முறை எண்ணினேன். மூன்றாவது முறை எண்ணிக்கை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தலையைத் தூக்கியபோது கரை கோடாகத் தெரிந்தது. கரையை நோக்கிக் கையை வீசி வீசி நீந்தினேன். இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குழாயில் உப்புநீர் புகுந்தது. ஊத மறந்து விழுங்கினேன்.

டியூபைப் பிடித்துக்கொண்டு நீ பக்கவாட்டிலிருந்து வந்தாய். "கரையப் பாக்காதே. என்னப் பாரு. இழுக்குறதோட மல்லுக்கட்டாதே, குறுக்க வா" என்றாய். உன் குரல் வகுப்பில் பேசுவதுபோலவே இருந்தது. இழுப்பைத் தாண்டியதும் பாறைமேல் ஏறித்தான் திரும்ப முடிந்தது. அப்போதுதான் உன் இரண்டு பாதங்களும் கிழிந்தன.

மணலில் கிடந்தபடி, "யார்கிட்டயும் சொல்லிடாதேடி" என்றேன். விஷயம் தெரிந்தால் வீட்டில் வேலையை விடச் சொல்லிவிடுவார்கள் என்று உனக்கும் தெரியும்.

ஊர் திரும்பியதும் உன் கால்கட்டைப் பார்த்து முதல்வர் நம்மை அழைத்து விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் மேடம் தூரமாப் போயிட்டேன். இவங்க கரையில நின்னாங்க" என்றாய். மறுத்துச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நீ மாணவிகளோடு கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகளும் நான் மட்டும் போனேன். நீ ஜங்ஷன்வரை வந்து ரயிலேற்றிவிட்டாய். பிறகு மதுரையில் வேலை கிடைத்துப் போனாய். உன் கடிதங்களில் புது ஆய்வுக்கூடம், மல்லிகைச்செடி, அண்ணன் குழந்தைகள் எல்லாம் வந்தன. அந்த ஒன்று மட்டும் வரவில்லை. எழுத நானும் பேனாவைத் திறப்பேன். "நலம், நலமறிய ஆவல்" என்பதோடு மூடிவிடுவேன். கடைசியில் உன் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. மஞ்சள் காமாலை, பத்தே நாள்.

அன்றைக்கே முதல்வர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்மா. கழுத்துக்குப் பின்னால தோல் உரிஞ்சிருந்துச்சு உங்களுக்கு. வெயில்ல குப்புற மிதந்தது யாருன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் மேடம் அவளத் தடுத்தீங்க?"

"அவங்க என் முகத்தப் பாத்துச் சொன்னாங்க. பொய்யின்னு நான் எப்படிச் சொல்றது? நீங்க வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பஸ் ஏறத் தோன்றவில்லை. காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கம்வரை நடந்தே வந்தேன். ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் நீங்கள் இரண்டு பேரும் நான் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். அதில் ஒருத்தி இனிக் கேட்கமாட்டாள்.

மண்டபத்தில் அந்த நாளுக்குப் பிறகு நான் கடலில் முகம் வைத்துப் பார்க்கவில்லை. கரையில் எனக்காக நிற்க இன்னொருவரைத் தேட மனம் இல்லை. ஆனால் இந்த வருஷமும் மாணவிகளை மண்டபத்துக்கு அழைத்துப்போனேன். அவர்களை இருவர் இருவராக நிறுத்தி, இறங்கும் முன் உன் பெயரைச் சொன்னேன். அன்றைக்குத் தலையைத் தூக்க மறந்தது நான் என்றும், பிறகு அந்த அறையில் வாய் திறக்காமல் நின்றதும் நான்தான் என்றும் சொன்னேன். பெண்கள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். பாதியில் நிறுத்திவிடலாமா என்றிருந்தது; நிறுத்தவில்லை, முழுவதையும் சொல்லி முடித்தேன்.