வெட்டப்பட்ட பந்திகள்

பெப்ரவரி 11, 2025

ரயில் இன்றும் இருபது நிமிடம் பிந்தி. எசன் ஸ்டேஷனில் நின்றே விறைத்துப் போனேன்.

புரொஃபெசர் லுட்கென் யூலையில் ஓய்வு பெறுகிறா. பல்கலைக்கழகத்தில் அவவின் அறையிலுள்ள பெட்டிகளைப் பிரித்து அடுக்கித் தரச்சொல்லி என்னைத்தான் கேட்டிருக்கிறா. நாலு வருடமாக அவவிடம்தான் ஆய்வு செய்கிறேன். நவீன ஆபிரிக்க நாவலும் அதைப் பற்றிய விமர்சனமும் எப்படி வளர்ந்தன என்பது தலைப்பு. மறுக்க முடியுமா? இரண்டு பெட்டியோடு நாள் போய்விட்டது.

பெப்ரவரி 13

நிதானமாக எழுதவேணும்.

ஐந்தாவது பெட்டிக்குள் ஒரு சஞ்சிகை. கானா நாட்டின் கேப் கோஸ்டிலிருந்து, 1989. ரோனியோவில் அடித்துக் கம்பி குத்திய நாற்பது பக்கம். அதில் அராபா க்வான்சா என்ற பெண்ணின் கட்டுரை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவல்களில் ஆபிரிக்கப் பாத்திரங்கள் சில இடங்களில் சட்டென்று பேசாமல் போய்விடுகிறார்கள், அந்த மௌனத்துக்குள்தான் எழுத்தாளரின் தாய்மொழி ஒளிந்திருக்கிறது என்கிறா.

இது லுட்கெனின் கோட்பாடு! 1995இல் வந்து அவவைப் பேராசிரியராக்கிய புத்தகம். எங்கள் துறையில் முதலாம் வருடத்திலேயே வாசிக்க வைக்கிற புத்தகம். அதே மூன்று நாவல்கள். அதே காட்சிகள். வரிசைகூட மாறவில்லை. சஞ்சிகையின் ஓரங்களில் பென்சில் குறிப்புகள். அவவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் ஒவ்வொரு அத்தியாயத்திலும் அதைத்தானே பார்க்கிறேன்.

அவவின் புத்தகத்தை எடுத்து நூற்பட்டியலை நாலு தரம் பார்த்தேன். க்வான்சா இல்லை. ஓர் அடிக்குறிப்பில்கூட இல்லை.

பெப்ரவரி 14

வீட்டில் சிறீதரனிடம் சொன்னேன். மனுசன் டிராம் திருத்துகிற வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"உமக்கு இன்னும் ஆறு மாசம்தானே கிடக்கு? முதல் பட்டத்தை எடும். பிறகு சண்டை பிடியும்."

"பிறகு ஆர் கேக்கப் போகினம்?"

"இப்ப மட்டும் ஆர் கேக்கப் போகினம்?"

நியாயமான கேள்வி. அதுதான் இன்னும் ஆத்திரம்.

பெப்ரவரி 20

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? திருட்டு என்றபடியாலா? அது மட்டுமில்லை.

பதினொரு வயதில் ஊரை விட்டு இங்கே வந்தேன். முதல் வருடம் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை. "அமைதியான பிள்ளை" என்று ரிப்போர்ட்டில் எழுதினார்கள். பிறகு மருந்துக்கடையில் வேலை. இருபத்தெட்டு வயதில் அதை விட்டுவிட்டுப் படிக்க வந்த முதல் மாதத்திலேயே லுட்கெனின் புத்தகத்தை வாசித்தேன். ரயிலுக்குள் இருந்து அழுதேன். என்ர மௌனத்தையும் ஒருத்தி மதிச்சுப் பார்த்திருக்கிறா எண்டு. என் மூன்றாம் அத்தியாயமே அந்தப் புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது.

இப்ப பார்த்தால் அது அவ எழுதினதே இல்லை.

மார்ச் 4

இன்று அவவைச் சந்திக்க டெர்மின். சஞ்சிகையை அவவின் மேசையில் வைத்தேன். பழைய படத்தைக் கண்டது போல முகம் மலர்ந்தது.

"அட, இது இன்னும் இருக்கிறதா!"

பிறகு சொன்னா, ஒரே எண்ணம் ஒரே காலத்தில் பல இடங்களில் தோன்றுவதுண்டாம்.

"உங்கள் பென்சில் குறிப்புகள் இருக்கின்றனவே" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "ரஞ்சினி, அது ஓர் உள்ளூர் இதழ். அந்தப் பெண்ணிடம் நல்ல உள்ளுணர்வு இருந்தது. அதைக் கோட்பாடாக ஆக்கியது நான். வேண்டுமானால் ஓர் அடிக்குறிப்புப் போடுங்கள், இணையான சிந்தனைகள் என்று. அழகாக இருக்கும்."

அழகாக!

கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தமிழில் பேசினேன், வாயில் வந்ததெல்லாம். உள்ளுணர்வாம். அங்க இருக்கிறவைக்கு உள்ளுணர்வு, இங்க இருக்கிறவைக்குக் கோட்பாடு. ஆர் பிரிச்சுக் குடுத்தது?

மார்ச் 5

இண்டைக்கு யூனிக்குப் போகேல்லை.

மார்ச் 19

அராபா க்வான்சா உயிரோடு இருக்கிறா! வயது அறுபத்திரண்டு. அதே கேப் கோஸ்டில் இன்றும் ஒரு விமர்சன இதழ் நடத்துகிறா. முகவரி கிடைத்தது. சஞ்சிகையின் படத்தையும் லுட்கெனின் பக்கங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன்.

மார்ச் 27

வீடியோவில் பேசினோம். நான் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அவ அழுதால் என்ன சொல்வது, வழக்குப் போடக் கேட்டால் என்ன சொல்வது என்று.

அவ சிரித்தா.

"எண்பத்தொன்பதில் எழுதியதா? அதையா இன்னும் வாசிக்கிறீர்கள்?"

"உங்களிடமிருந்து திருடியிருக்கிறார்கள்" என்றேன்.

"தெரியும். தொண்ணூறில் அவ இங்கே வந்தபோது நான்தான் அந்த இதழைக் கொடுத்தேன். சரி, என் தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கட்டுரையை வாசித்தீர்களா?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்த மூன்று நாவல்களில் ஒன்றை எழுதியவரின் வீட்டுக்கு அராபா 1993இல் போயிருக்கிறா. அவர் தட்டச்சுப் பிரதியை எடுத்துக் காட்டியிருக்கிறார். பாத்திரங்கள் 'மௌனமாகும்' இடங்களிலெல்லாம் பிரதியில் அவரின் தாய்மொழியான ஃபான்டேயில் பேச்சு இருந்திருக்கிறது. லண்டன் பதிப்பாளர் அத்தனையையும் சிவப்பு மையால் அடித்திருந்தாராம்.

"ஒருவரும் மௌனமாக இருக்கவில்லை. வெட்டியிருந்தார்கள். என் கட்டுரை பிழை என்று நானே எழுதி, அவவுக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். அதற்குப் பிறகு இங்கே நாங்கள் எத்தனை வருடம் சண்டை பிடித்தோம் தெரியுமா? யார் வெட்டினார்கள், எழுத்தாளர்கள் ஏன் சம்மதித்தார்கள், எங்கள் பதிப்பகங்கள் ஏன் திருப்பிச் சேர்க்கவில்லை என்று. உங்கள் புரொஃபெசர் என் பிழையைத் திருடி முப்பது வருடமாக அதிலேயே குடியிருக்கிறா. நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். நின்றுகொண்டு எனக்கு நீதி வாங்கித் தரப் போகிறீர்களா?"

அச்சகத்துக்காரர் வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

என்ன திமிர்! நான் ஆருக்காக இவ்வளவு பாடுபடுறன்?

மார்ச் 28

அவவில் கோபமில்லை. என்னில்தான்.

என் ஆய்வின் நூற்பட்டியலை எடுத்து எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் ஆபிரிக்காவில் அச்சானவை ஒன்பது. ஒன்பது! ஆபிரிக்க விமர்சனத்தின் வளர்ச்சி என்று தலைப்புப் போட்டுவிட்டு நாலு வருடம் என்னத்தைக் கிழிச்சனான்?

ஏப்ரல் 9

1994 கட்டுரையை அராபா ஸ்கான் செய்து அனுப்பியிருக்கிறா. ஒரு வரிக் கடிதம்கூட இல்லை.

வெட்டப்பட்ட பந்திகளை மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறா. அச்சான நாவலில் ஒரு காட்சி எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரியில் மகன், "அம்மா, நான் திரும்பிப் போகட்டுமா?" என்று கேட்கிறான். தாய் ஒன்றும் பேசாமல் யன்னலைப் பார்க்கிறாள். அந்தத் தாயின் மௌனத்தைப் பற்றி நான் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். மூலப் பிரதியில் அவள் ஒன்றரைப் பக்கம் ஏசுகிறாள்! சாப்பிடாமல் வந்ததற்கு, கிழிந்த சப்பாத்துக்கு, மூன்று வருடம் கடிதம் போடாததற்கு. மகன் இடையிடையே சிரிக்கிறான்.

வாசித்து முடியத்தான் ஒன்று ஞாபகம் வந்தது. நானும் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை இல்லை. முதல் கிழமை, வகுப்பிலிருந்த மற்றத் தமிழ்ப் பிள்ளை ரஜிதனோடு தமிழில் கதைத்துக்கொண்டுதான் இருந்தேன். "இங்கே அது வேண்டாம்" என்று ரீச்சர் சொன்னா, அவனை வேறு வகுப்புக்கு மாற்றினா. அதுக்குப் பிறகுதான் நான் அமைதியான பிள்ளை.

இதை எப்பிடி மறந்தன்? ஒரு புத்தகம் வந்து அழகாய்ச் சொல்ல, நானே நம்பியிட்டன்.

ஏப்ரல் 24

லுட்கெனிடம் நேரே கேட்டேன். "தொண்ணூற்று நான்காம் ஆண்டு இதழ் உங்களுக்குக் கிடைத்ததா?"

பொய் சொல்லவில்லை. "கிடைத்தது. அப்போது என் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது."

"பிறகு நாலு பதிப்பு வந்ததே?"

மேசையிலிருந்த தாள்களை அடுக்கினா. ஒரு கணம் பாவமாகவும் இருந்தது. முப்பது வருடம் இது தெரிந்துகொண்டே வகுப்பில் நின்றிருக்கிறா. ஆனால் அடுத்த வசனத்தில் அந்தப் பாவமும் போய்விட்டது.

"மூன்றாம் அத்தியாயத்தை மாற்றினால் என்னால் கையெழுத்துப் போட முடியாது. இங்கே உங்கள் வேலை ஒப்பந்த நீடிப்புக்கும்தான். யோசியுங்கள்."

"யோசித்துவிட்டேன். போடாதீர்கள்" என்றேன்.

ஏப்ரல் 25

மத்தியானம் சிறீதரன் காரை எடுத்தார். என் மேசையை ஒதுக்க யூனிக்கு வந்தார்.

"நீர் செய்தது சரி எண்டு நான் சொல்லேல்லை" என்றார். "பெட்டி பாரம், அதுதான் வாறன்."

மே 30

வேறு நகரத்தில் ஒரு பேராசிரியர் என்னை எடுக்கச் சம்மதித்திருக்கிறார். இன்னும் இரண்டு வருடமாவது ஆகுமாம். பதினெட்டுப் பக்கத்தையும் அழித்தேன்.

யூலை 11

லுட்கெனின் பிரியாவிடை. எனக்கு அழைப்பில்லை. ஆறாம் பதிப்பு வருகிறதாம். க்வான்சாவின் பெயர் அதில் வருமா என்று பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன், அராபாவின் இரண்டு கட்டுரைகளையும் இணைத்து.

ஓகஸ்ட் 6

பதிப்பகத்திடமிருந்து இரண்டு வரி. கவனத்தில் எடுத்திருக்கிறார்களாம். எடுப்பினம், எடுப்பினம்.

செப்டெம்பர் 2

திரும்பவும் மருந்துக்கடை, அரை நாள் வேலை. மிச்ச நேரமெல்லாம் கேப் கோஸ்ட், இபாடான், கம்பாலா இதழ்களை வரவழைத்து வாசிப்பு. ஒருத்தரை ஒருத்தர் என்ன கிழி கிழிக்கிறார்கள்! எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தொண்ணூற்று நான்கில் அராபா பழி முழுவதையும் பதிப்பாளரில் போட்டுவிட்டா, அந்த மௌனத்தை அழகு என்று நம்பிய என்னைப் போன்ற வாசகர்களை மறந்துவிட்டா. இதை எழுதி அவவின் இதழுக்கே அனுப்பினேன்.

நவம்பர் 21

வேலையால் வர இதழ் வந்து கிடந்தது. பதினான்காம் பக்கத்தில் என் கட்டுரை. ஒரு வரிகூட வெட்டவில்லை. கீழே என் பெயர், அதற்குக் கீழே "விமர்சகர், எசன்" என்று போட்டிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் பக்கத்தில் அராபாவின் மறுப்பு, ஆறு பக்கம். என் இரண்டாவது வாதம் சோம்பேறித்தனமானதாம். நூலக வாசகர் கடிதங்களைப் பார்க்காமலேயே வாசகர்களைப் பற்றிப் பேசுகிறேனாம்.

சிறீதரன் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, திரும்பவும் ஆரோடை கோபம்?"

"பேசாமல் இருங்கோ. இவவுக்கு மறுமொழி எழுதவேணும்."

சோம்பேறித்தனமாம்! முதலாவது வாதத்தை அவ தொடவே இல்லை. அதிலிருந்து தொடங்குறன்.