லாம்சன் ஹாலோவின் ஒற்றை ஓட்டு

லாம்சன் ஹாலோ, வெர்மான்ட்
8 நவம்பர் 1964

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

வெர்னா எழுதுகிறேன். இருபத்தாறு வருஷம் கழித்து உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், அதுவே எனக்குப் பெரிய காரியம். ஒஹையோவில் நீயும் உன் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முகவரியைக் கடைக்கார மெரிட்டிடம்தான் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த மனுஷர் வாழ்நாளில் கேட்காமல் விட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இது மன்னிப்புக் கேட்கும் கடிதம். சுற்றி வளைத்துத்தான் வந்து சேருவேன், பொறுத்துக்கொள்.

முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓர்வில் போன பிப்ரவரியில் காலமானார். நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் படுக்கை. மாடுகளை விற்றுவிட்டேன். ஆனாலும் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் காப்பி போட்டுக் குடிக்கிறேன். தபால் ஆபீஸ் இப்போது மெரிட் கடையில் ஒரு மூலைக்கு வந்துவிட்டது. நீ உட்கார்ந்திருந்த பித்தளைக் கம்பி ஜன்னலை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற பெண் தபால் தலையை எச்சில் தொட்டு ஒட்டுகிறாள். நீ பார்த்திருந்தால் அவளை விரட்டியிருப்பாய்.

செய்தி உனக்கும் எட்டியிருக்கும். வெர்மான்ட் டெமாக்ரட் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டது. ரிபப்ளிகன் கட்சி பிறந்த நாளிலிருந்து, நூறு வருஷத்துக்கு மேல், வேறு பக்கம் தலையைத் திருப்பாத மாநிலம் இது. நம் ஊர் ஹாலிலேயே ஜான்சனுக்கு விழுந்தது கோல்ட்வாட்டருக்கு விழுந்ததைவிட இரண்டு மடங்கு. இப்போது தெருவில் யாரைப் பார்த்தாலும் நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன் என்று மார் தட்டுகிறார்கள். இவர்கள்தானா அவர்கள் என்று இருக்கிறது எனக்கு.

முப்பத்தாறாம் வருஷத் தேர்தலை நினைத்துக்கொண்டேன். நாடு முழுக்க டெமாக்ரட் ரூஸ்வெல்ட் ஜெயித்தார், நாமும் மெய்ன் மாநிலமும் மட்டும் ரிபப்ளிகன் லாண்டன் பக்கம் வீம்புக்கு நின்றோம். அந்தச் சாயங்காலம் எவ்வளவு நன்றாகத் தொடங்கியது! ஹாலில் ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை, அடுப்பில் அவரை வேகிற வாசனை. நடுமேஜையில் மேப்பிள் பாகு ஊற்றிய உன் ஆப்பிள் கேக். எந்த விருந்திலும் முதலில் தீர்வது அதுதான் என்பதால், நம் இரண்டு பேருக்கும் ஒரு துண்டைச் சமையலறை அலமாரியில் நீ ஒளித்து வைப்பாய். பாத்திரம் கழுவி முடித்துவிட்டு நின்றுகொண்டே தின்போம். அந்த ருசி அப்புறம் எந்தக் கேக்கிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று ஊர்க் கூட்டத் தலைவர் என்ற முறையில் ஓர்வில்தான் சீட்டைப் பிரித்துப் பிரித்துப் படித்தார். லாண்டன், லாண்டன், லாண்டன். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். ஒரு சீட்டில் அவர் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ரூஸ்வெல்ட் என்றார். தொண்ணூற்றிரண்டுக்கு ஒன்று.

எல்லோர் கண்ணும் உன்மேல்தான் போயிற்று. தபால்காரி, அரசாங்கச் சம்பளம், ரூஸ்வெல்ட் ஆட்சியில் கிடைத்த வேலை. வேறு யாராக இருக்க முடியும்? விருந்தில் உன் கேக்கை ஒருவரும் தொடவில்லை. நான் கத்தியை எடுத்தேன். பார்த்தார்கள். கீழே வைத்துவிட்டேன். அந்தக் கேக்கை முழுசாகத் துணியில் மூடி நீ வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாய்.

அப்புறம் உன் ஜன்னலுக்கு வராமல் ஊரே எட்டு மைல் தள்ளி அடுத்த ஊருக்குப் போய்க் கடிதம் போட்டது. சர்ச்சில் உன் பெஞ்சில் உன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, நானும் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன். நேருக்கு நேர் கேட்டவர்களிடம் நீ ஒரே வார்த்தைதான் சொன்னாய். "அவங்கவங்க ஓட்டு அவங்கவங்களோடது." முப்பத்தெட்டில், சேறு காயாத ஏப்ரலில், உன் சாமான் ஏற்றின வண்டி எங்கள் வாசலில் புதைந்து கால் மணி நேரம் நின்றது. நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

ஆர்டிஸ், அந்த ஓட்டு என்னுடையது.

என் தம்பி லைலுக்காகப் போட்டேன். இரண்டு வருஷம் வேலையில்லாமல் கொட்டகையில் சுருண்டு கிடந்தவன், ரூஸ்வெல்ட் தொடங்கிய காட்டு வேலை முகாமுக்குப் போய், அந்தக் கோடையில் வீட்டுக்கு வந்தான். கன்னத்தில் சதை, காலில் புது பூட்ஸ். பென்சிலைக் கையில் எடுத்ததும் எனக்கு அந்த பூட்ஸ்தான் தெரிந்தது. கொள்கை, கோட்பாடு எல்லாம் ஒன்றுமில்லை. அவன் கடிதங்களை ஜன்னல் வழியாக நீதானே நீட்டுவாய். வாங்குகிறபோது என் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறாய். உனக்குத் தெரியும் என்று எனக்கு அன்றே தெரியும். ரூஸ்வெல்ட்டுக்கு ஊரில் விழுந்ததே ஒரு ஓட்டு, அது என்னுடையது என்றால், நீயும் எல்லோரையும் போல லாண்டனுக்குத்தான் போட்டிருக்கிறாய். செய்யாத குற்றத்துக்குத்தான் உன்னை விரட்டினோம்.

ஓர்விலுக்குத் தெரிந்தால் வீட்டைவிட்டே துரத்துவார் என்று பயந்துகொண்டு இருபத்தேழு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தேன். போவதற்கு இரண்டு நாள் முன்னால், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகச் சொன்னார்.

"வெர்னா, நீ பென்சிலை ரொம்ப அழுத்துவே. கடைக்கு எழுதற சீட்டெல்லாம் கிழியும். அந்தச் சீட்டும் கிழிஞ்சிருந்துச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உன் கேக்கைத் தொட மாட்டாங்களே."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, ஆர்டிஸ். பிறகு என்மேல் வந்தது. அவராவது என்னைக் காப்பாற்ற வாயை மூடினார். நான் யாரைக் காப்பாற்றினேன்?

செவ்வாய்க்கிழமை முடிவு படித்ததும் மெரிட் எழுந்து, ஆர்டிஸ் இருந்திருக்க வேண்டும், அவள் இருபத்தெட்டு வருஷம் முந்திவிட்டாள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரியமாகத்தான் சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

"அது ஆர்டிஸ் இல்ல. நான்தான் போட்டேன். அவளுக்கும் தெரியும், அவ சொல்லல."

மெரிட் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எட்டு மைல் போய்க் கடிதம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

எல்லோரும் மாறிவிட்ட பிறகு சொல்வது எளிது, நீ அப்படி நினைத்தால் நியாயம்தான். இந்த முறை நீ யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

மார்ச் முதல் செவ்வாயில் ஊர்க் கூட்டமும் விருந்தும். மேப்பிள் மரங்களில் பால் இறங்கும் நேரம், புதுப் பாகு கிடைக்கும். பின்பக்க அறையில் உனக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன். நீ வராவிட்டாலும் அதை எடுக்க மாட்டேன். வந்தால் அந்தக் கேக்கைச் செய். நடுமேஜையில் வை, கத்தியை என் கையில் கொடு. எல்லோரும் பார்க்கட்டும்.

அன்று முதல் துண்டை வெட்டாத,
வெர்னா