இழுத்துப் பார்க்காத நட்டு

கிள்ளான்,
8 மார்ச் 2025

அன்புள்ள கௌசலா,

நீ பாறையிலிருந்து விழுந்து மூன்று வாரமாகிறது. கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு எப்போது பிரிக்கிறார்கள்? போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் தபால்.

இத்துடன் நம் நட்டுகள் பதினொன்றும் வருகின்றன. அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இத்துனூண்டு துண்டு, அதுல ஒரு கம்பி. போல்ட்டே இல்ல, இதுக்குப் பேரு நட்டா?" பாறை வெடிப்பில் செருகிக் கயிற்றை மாட்டினால், விழுகிற ஆளைத் தாங்கும் என்றேன். "அப்ப கௌசலாவ ஏன் தாங்கல?"

நான் கீழே நின்று கயிற்றைத் தளர விட்டேன், உதறலில் நட்டு பிடுங்கிக்கொண்டது என்றேன். நம் பாறையேறும் குழுவில் எல்லாரும் அதைத்தானே சொல்கிறார்கள். ஜெயராஜ் அண்ணன் நேராகவே கேட்டார்: "கயிறு புடிக்கிறப்ப தூங்கிட்டியா லா?" மேரு ரப்பர் கையுறை பேக்டரியில் நாள் முழுக்கக் கையுறையில் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கிறவள் நான். ஒரு கயிற்றைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

இனி ஏற மாட்டேன். மன்னித்துவிடு.

பிரியா

பிரிக்பீல்ட்ஸ்,
15 மார்ச்

அடியே பிரியா,

பைத்தியமா உனக்கு? டாக்டர் ஆறு மாதம் என்கிறார். நான் மூன்றே மாதத்தில் எழுந்து நிற்பேன், அதே வெடிப்பில் ஏறுவேன், நீதான் கயிறு பிடிப்பாய். நடந்தது நடந்துவிட்டது, யார் தப்பு என்ற பேச்சை விடு. நட்டுகள் என் அலமாரியில் இருக்கட்டும்.

கௌசலா

கிள்ளான்,
24 மார்ச்

கௌசலா,

'உன் தப்பு இல்லை' என்று நீ எழுதவில்லை. மூன்று தடவை படித்துப் பார்த்தேன். சரி, அது நியாயம்தான்.

கயிற்றை ஜெயராஜ் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். வேலையிலும் ஓட்டைக் கையுறைகளைத் தவற விடுகிறேன். சூப்பர்வைசர் கவனித்துவிட்டார், வேறு பிரிவுக்கு மாற்றப் போகிறாராம்.

பிரியா

பிரிக்பீல்ட்ஸ்,
5 ஏப்ரல்

பிரியா,

போன தடவையே எழுதியிருக்க வேண்டும். துணிச்சல் வரவில்லை.

நட்டைச் செருகியதும் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்ப்போம். அசையாமல் நின்றால் "இருக்கு" என்று கத்துவோம். அதைக் கேட்ட பிறகுதான் கீழே இருப்பவள் கயிறு விடுவாள். அன்றைக்கு எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, ஜெயராஜ் அண்ணன் வேறு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் இழுக்கவே இல்லை. "இருக்கு" என்று மட்டும் கத்தினேன்.

நீ கயிறு அளவாகத்தான் விட்டிருந்தாய். அதற்குக் கீழே இருந்த நட்டில் நீ என்னை நிறுத்திப் பிடித்ததால்தான் காலோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் நீ அழுதபோது வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று இதையெல்லாம் நம் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஏறுவதை மட்டும் விடாதே.

கௌசலா

கிள்ளான்,
13 ஏப்ரல்

கௌசலா,

எட்டு வாரம். எட்டு வாரமாக என் கையை நானே வெறுத்தேன். நீ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். கோபம் தீரவில்லை, தீர்ந்துவிட்டதாகப் பொய் எழுத எனக்கு வராது.

ஜெயராஜ் அண்ணன் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தார். மன்னிப்பு இருக்கட்டும், கயிற்றைக் கொண்டுவந்து கொடுங்கள் என்றேன். கொடுத்துவிட்டார்.

ஜூன் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி, அதே பாறை. உனக்குக் கயிறு பிடிக்க நான் வரவில்லை. முன்னால் நான் ஏறுகிறேன், ஒவ்வொரு நட்டையும் நானே வைப்பேன். நட்டுகளை எடுத்து வா, கீழே நின்று நீ கயிறு பிடி. வருகிறேன், வரவில்லை என்று பதில் எழுதாதே. வந்து நில்.

பிரியா