திருவிருந்துக் கிண்ணமும் புகையும்

சூன் 2, ஞாயிறு

திருச்சபை மக்களே, கேளுங்கள்! ஆண்டவரின் குருதியை நினைந்து பருகிய நெகிழிக் கிண்ணங்களை, வழிபாடு முடிந்த கையோடு, அவர் படைத்த காற்றிலேயே கொளுத்துகிறோம் —

இப்படி முழங்கியிருக்க வேண்டும். முறைவைத்து அருளுரை ஆற்றும் சபையாருள் நானும் ஒருவன்; இன்றைய முறை என்னுடையதன்று. ஆலயத்தின் பின்சுவரோரக் குழியில் கிண்ணங்கள் உருகிக்கொண்டிருந்தன. குழியை ஒட்டிய ஒற்றை அறையில்தான் ஆலயப் பணியாளர் குடியிருக்கிறார். உள்ளே அவர் மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, தெரிஞ்சே எரிக்கிறியே?" என்று பணியாளரிடம் கேட்டேன்.

"நான் இதை எரிக்கலைன்னா, சபைச் செயலர் என் வேலையை எரிச்சிடுவாருங்க ஐயா."

சூன் 5, புதன்

பழைய கண்ணாடிக் கிண்ணங்கள் அலமாரியில் உறங்குகின்றனவே, எடுத்தால் என்ன என்று செயலரிடம் கேட்டேன்.

"கழுவுறது யாரு? நாக்கு நல்லா சுழலுது உங்களுக்கு, கை சுழலுமா?"

சூன் 9, ஞாயிறு

என் முறை. "தம் மூச்சை ஊதி நமக்கு உயிர் தந்தவரின் வீட்டுப் பின்புறத்தில், ஒருத்தியின் மூச்சைப் பறிக்கிறோம்" என்றேன். வாசலில் சபை ஆயர் என் கையைப் பற்றினார்: "என்னா தமிழ் அண்ணே!" அவர் தோளுக்குப் பின்னே வழக்கம்போல் புகை எழுந்தது.

சூன் 10

தமிழ் நன்றாம்.

சூன் 12, புதன்

செயலர் சொல்லியனுப்பினார்: சபையை இழிவுபடுத்தினேனாம், இனி எனக்கு மேடை இல்லை. போகட்டும். யாருக்கு வேணும் இவங்க மேடை? — எனக்கு வேண்டும். எனக்கு நானே பொய் எழுதுவானேன்?

மனைவி சொன்னாள்: "மேடையத்தானே எடுத்தாங்க, காலையா எடுத்தாங்க? போய் நில்லுங்க."

சூன் 16, ஞாயிறு

நின்றேன், குழிக்குள். பணியாளர் கிண்ண மூட்டையோடு திகைத்து நிற்க, செயலர் பாய்ந்து வந்தார்.

"வயசுக்கேத்த வேலையா இது? மேல வாங்க."

"கொளுத்துங்கள். சட்டை பழையதுதான்."

ஆயர் ஓடி வந்தார். "அண்ணே, ஏறி வாங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"கண்ணாடி அலமாரியை விட்டு இறங்கட்டும், நான் ஏறுகிறேன். கழுவுவது என் பொறுப்பு."

முழங்கால் வலித்தது. இறங்கி வந்தது, கண்ணாடி.

சூன் 23, ஞாயிறு

மேடை இன்னும் தரப்படவில்லை. பின்புறக் குழாயடியில் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவினேன்.

"பேசிக்கிட்டே கழுவாதீங்க ஐயா, நுரை போகலை பாருங்க" என்றார் பணியாளரின் மனைவி. துண்டோடு துடைக்க வந்தவர்களுள் செயலரின் மனைவியும் ஒருவர்.

திடீரெனப் பணியாளரின் மனைவிக்கு இருமல். அவர் மதிலுக்கு அப்பால் கை காட்டினார். அடுத்த தெரு ஆலயத்தின் பின்னாலிருந்து கரும்புகை.

துடைத்துக்கொண்டிருந்தோரிடம் சொன்னேன்: "அங்கே நம்மை யாரும் அழைக்கவில்லை, அழைக்கவும் மாட்டார்கள். கையின் ஈரம் காயும்வரை காத்திருக்க வேண்டாம். எழுந்து வாருங்கள், இப்போதே."