பிளாஸ்டிக்கில் ஏது துரு

ஏனுங்க,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு சொல்லுக்குத்தான் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போது திரும்பாவிட்டாலும் போகிறது, காதிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லப் போனால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும், உங்கள் தம்பியே படித்தாலும் சரி.

நீங்கள் ஐப்பசியில் போனீர்கள், இப்போது மாசி. லாரி இரண்டும் ஓடுகின்றன. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. கார் மட்டும் கொட்டகையில் லாரித் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் சங்ககிரி ரோட்டிலிருந்து நம் மண் தடத்துக்கு அது திரும்பும் சத்தம் கேட்கிறது. கை தானாகக் காபிக்குத் தண்ணீர் வைக்கிறது. கொதித்த பிறகுதான் யாருக்கு என்று தோன்றும். பேட்டரி செத்துவிடக் கூடாதென்று டிரைவர் பெருமாள் வாரம் ஒரு தரம் வந்து ஸ்டார்ட் செய்கிறான். சீட்டு நுனியில்தான் உட்காருகிறான், சாய்வதில்லை. முதலாளி மடியில் உட்காருகிற மாதிரி இருக்கிறதாம். உங்களைப் பார்த்து வாழ்நாளெல்லாம் பயந்தவன் இப்போதும் பயப்படுகிறான்.

சாவு கண்ட வீட்டில் அந்த வண்டி வேண்டாம் என்று உங்கள் தம்பி ஆரம்பித்தார். திருச்செங்கோட்டிலிருந்து போர் போடுகிற ரிக் வண்டிக்காரர் ஒருவர் பார்க்க வருகிறார் என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன். எனக்குக் கார் எதற்கு? ஆனால் முன்பக்க பம்பரின் இடது மூலையில் அந்தக் கீறல் இருந்ததே, அதுதான் அவரை உறுத்தியது. முழம் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து, நடுவே செக்கச் சிவந்து கிடந்தது.

நீங்கள் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்த கீறல். எங்கே இடித்தது என்று கேட்டதற்கு, "எங்கியோ பட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டீர்கள். சின்ன ஆணி பட்டாலும் டிரைவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற ஆள், எங்கியோ பட்டுருச்சு என்கிறாரே என்று அப்போதே எனக்குச் சந்தேகம்.

"வர்றவன் மொதல்ல முன்னாடிதான் பாப்பான் அண்ணி" என்றார் உங்கள் தம்பி. "எங்க முட்டுச்சு, ஆரு மேல முட்டுச்சும்பான். பட்டறைக்கு உட்டா ஊரே பேசும். ஊட்டுலயே வெச்சு முடிச்சர்லாம். வெறும் துருதானுங்க, தேச்சு ரெண்டு கோட்டு அடிச்சாப் போவுது."

லாரிக்காரர்களுக்குச் சிவப்பாக எதைப் பார்த்தாலும் துருதான். பெருமாளும் துரு என்றான், பக்கத்துக் காட்டுக்காரரும் துரு என்றார். பெருமாள் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து, லாரிக்கு அடிப்பது போலத் திக்காகப் பெயின்டைப் பூசினான். சீக்கிரம் காயட்டும் என்று என் பம்ப் ஸ்டவ்வைக் கொண்டுபோய்த் தீயைக் காட்டினான். பெயின்ட் கொப்புளித்தது. பம்பர் ஓரமும் இளகித் தொங்கிவிட்டது. மறுநாள் கழுவினால் அடித்த பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி கையோடு வந்தது, அடியில் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் அவனை என்ன பாடு படுத்தியிருப்பீர்கள்!

உங்களையும் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரன் கறுப்பு பம்பர் வைத்து அனுப்பினால் அப்படியே விட வேண்டியதுதானே. புது வண்டியில் கறுப்பு ஆகாது என்று லாரிப் பட்டறையில் கொடுத்து வெள்ளை அடித்து வந்தவர் நீங்கள். பிளாஸ்டிக்கில் அது ஒட்டவே இல்லை. ஒட்டாத பெயின்டுக்கு ஊரெல்லாம் பெருமை வேறு.

சரி, நானே பார்க்கிறேன் என்று கொட்டகையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். சோப்புத் தண்ணீர் விட்டு, தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். பக்கத்தில் தண்ணீருக்கு வைத்திருந்தது நம் பச்சை பிளாஸ்டிக் குடம். கார் வாங்குவதற்கு முன்னாலிருந்தே வெயிலிலும் மழையிலும் வாசலில் கிடக்கும் குடம். அதைச் சாய்க்கும்போதுதான் உறைத்தது. இந்தக் குடம் என்றைக்காவது துருப்பிடித்திருக்கிறதா? பிளாஸ்டிக்கில் ஏது துரு?

அப்படியென்றால் அந்தச் சிவப்பு என்ன?

மனசு நேரே ரத்தத்துக்குத்தான் போனது. காய்ந்தால் ரத்தமும் அந்த நிறம்தானே. கடைசி நாட்களில் நீங்கள் பேசாமல் இருந்தது, சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தது, கூப்பிட்டால் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியது, எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து என் எதிரில் நின்றது. யாரையாவது அடித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாரா? அந்தப் பாவம்தான் நெஞ்சை அடைத்ததா? உங்கள் மேல் அப்படி நினைத்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சொல்லாமல் போனவர் நீங்கள்.

பெருமாளைக் கூப்பிட்டுப் பெயின்ட் கரைக்கிற தின்னர் கொண்டுவரச் சொன்னேன். பழைய துணியில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். செந்நிறம் கரைந்து துணியில் இறங்கியது. ரத்தமில்லை, பெயின்ட். எனக்கு மூச்சு வந்தது. பெருமாள் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ரயில் பொட்டிக்கு அடிக்கற கலருங்கம்மா" என்றான். "சூரமங்கலத்துல ரயில்வே லைன் ஊட்டு கேட்டு பூராம் இதே கலர்தானுங்க."

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். சூரமங்கலத்தில் நம் பெண்ணை விட்டால் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நம் சுமதி, ரயில்வேயில் வேலை பார்க்கும் நம் ஜனமல்லாத பையனைக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கு நீங்கள் தலை முழுகிவிட்டு வந்து நடு வீட்டில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. "அவ ஊட்டு மண்ணுல என்ர காலு படாது. நான் செத்தாலும் அவளுக்கு ஆரும் சொல்லக் கூடாது." உங்கள் தம்பி சாட்சி. அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் ஐப்பசி மழையில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லட்டுமா என்று நான் வாயெடுத்தேன். அண்ணன் வாக்கு என்று உங்கள் தம்பி அடக்கிவிட்டார். பெற்ற பெண் இருக்க, பெண் வாரிசு இல்லாதவர் மாதிரிப் போனீர்கள்.

இத்தனை வருஷமும் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். சேலம் பஸ்ஸில் சூரமங்கலம் ஸ்டாப் வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன், இறங்கிவிடுவேனோ என்று பயந்து. நீங்களோ டயர் கடைக்குப் போகிறேன், பார்ட்ஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கேட்டை இடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கொட்டகையில் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு உங்களைத் திட்டினேன் பாருங்கள், வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. என்னையும் கூட்டிப்போனால் என்ன? வண்டியில் இடமா இல்லை?

மறுநாள் காலையில் பெருமாளை வண்டியை எடுக்கச் சொன்னேன். பம்பர் பாதி தேய்த்தபடி, மூலை கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. பரவாயில்லை என்றேன். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் முன்னால் உங்கள் பிடரி தெரிவதும் பிறகு அது பெருமாளாக மாறுவதுமாக இருந்தது.

லைன் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. அவள் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நினைத்தேன். சிரமமே இல்லை. ஒரு கேட்டின் ஓரத்தில் நம் வெள்ளை பெயின்ட் அப்பியிருந்தது. பெருமாள் வண்டியைக் கேட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினான்.

இஞ்சின் சத்தம் அடங்குவதற்குள் உள்ளேயிருந்து சுமதி ஓடி வந்தாள். கையில் டம்ளர். தனக்கு ஊற்றி வைத்திருந்த டீயாக இருக்கும், நுரைகூட அடங்கவில்லை. இளைத்திருக்கிறாள். என்னை அவள் பார்க்கவில்லை. நேராக டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து குனிந்து டம்ளரை உள்ளே நீட்டினாள்.

"ஏனுங்கப்பா, எம் மேல இன்னும் கோவமுங்களா?"

பெருமாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் விழித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். வெள்ளைச் சேலையைப் பார்த்தாள்.

"எப்பங்கம்மா?" என்றாள்.

ஐப்பசியில் என்றேன். டம்ளரைக் கீழே போடவில்லை அவள். கேட் கம்பிக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அதுவும் நியாயம்தான்.

அப்புறம்தான் எல்லாம் சொன்னாள். குழந்தை பிறந்த சேதி தெரிந்ததிலிருந்து வந்துகொண்டிருந்தீர்களாமே. வண்டியை வாசல் கேட்டை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துவீர்களாம். கதவைத் திறக்கவே மாட்டீர்களாம். டீ கண்ணாடி வழியாக வருமாம், பேத்தியும் கண்ணாடி வழியாகத்தான் உங்கள் மடிக்கு வருவாளாம். கால் மண்ணில் படவில்லை, சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது என்று சிரிப்பீர்களாம். அடப்பாவி மனுஷா! சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி வந்து காருக்குள் எட்டிப் பார்த்து, "அப்புச்சி எங்க?" என்று பெருமாளைக் கேட்டாள்.

கடைசியாக வந்த அன்றைக்கு, "அடுத்த வாட்டி அம்மாவையும் கூட்டியாங்கப்பா" என்று சுமதி கேட்டிருக்கிறாள். நீங்கள் பதில் சொல்லவில்லையாம். பாதி டீயோடு டம்ளரை நீட்டிவிட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து ரிவர்ஸ் எடுத்தீர்களாம். மூலை கேட்டில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இறங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். அதன் பிறகு நீங்கள் வரவே இல்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன், அப்பா கோபித்துக்கொண்டார் என்று நினைத்து இத்தனை மாதமும் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடியிருக்கிறாள். நான் அங்கே காபிக்குத் தண்ணீர் வைத்த நேரமெல்லாம் இவள் இங்கே ஓடியிருக்கிறாள்.

"எனக்குச் சொல்லோணும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"உங்கப்பன் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு சாமி."

"அவரு எங்கிட்ட டீ குடிச்சுட்டுத்தானுங்கம்மா இருந்தாரு" என்றாள்.

இப்போது நான் உங்களை ஒன்று கேட்கிறேன். ஒரு நாள் சாயங்காலம், "ஏம் பாவாயி, ஞாயித்துக்கெழம சேலம் போயிட்டு வரலாமா?" என்று கேட்டீர்கள். கடலைக்காய் காயப்போட்டிருக்கிறது, சேலத்தில் எனக்கென்ன வேலை என்றேன். செரி என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள். அது கீறல் விழுவதற்கு முன்னாலா, பின்னாலா? எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. பின்னால் என்றால், என்னைக் கூட்டிப்போகத்தானே கேட்டீர்கள்? முன்னால் என்றால், வேறு எதற்குக் கேட்டீர்கள்? சுமதியிடம் இதைச் சொன்னேன். பின்னாலதானுங்கம்மா இருக்கும் என்றாள். அவளுக்கு அப்படி இருந்தால்தான் தூக்கம் வரும். எனக்குத் தெரியாது. இதை எனக்குச் சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து பம்பரை முடித்தேன். அந்தக் கீறலை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க நான் ஆளில்லை. பட்டறையில் அடித்த வெள்ளையை முழுசாக உரித்தெடுத்து, வழவழப்பு போகும்வரை தேய்த்து, தின்னரில் துடைத்துக் காயவைத்து, மெல்லிசாக மெல்லிசாக நிழலிலேயே அடித்தேன். தீயைப் பக்கத்தில் விடவில்லை. இளகின ஓரம் மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. திருச்செங்கோட்டுக்காரர் வந்தபோது வண்டி விற்பனைக்கு இல்லை என்று நானே வாசலில் நின்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் தம்பிக்கு முகம் சுண்டிப் போயிற்று. அண்ணன் வாக்கு என்ன ஆவது என்றார்.

அதற்குப் பதிலை இதில் எழுதிவிடுகிறேன். வருஷத் திதிக்கு அந்த வண்டியில் சுமதியையும் மாப்பிள்ளையையும் பேத்தியையும் நான் கூட்டி வருவேன். கண்ணாடி வழியாக இல்லை, கதவைத் திறந்து, இறங்கி, நம் வாசலில் கால் பதித்து வருவார்கள். உங்களுக்குப் படைக்கிற இலை அவள் கையால் போட்டதாக இருக்கும். யார் தடுத்தாலும் சரி. சத்தியம் செய்தவர் நீங்கள், அதை உங்களோடு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் நடு வீட்டில் நின்றபோது, நீ என்ன சொல்கிறாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை.

இப்படிக்கு,
சுமதியின் அம்மா,
உங்கள் பாவாயி