சிவப்புக்குப் பின்னால்

ஜூன் 3
அரை மணியில் மழை என்று அம்மா காதில்தான் சொன்னேன். அவள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். தார்ப்பாய் மூடி முடிக்கவும் மழை வரவும் சரியாக இருந்தது. செங்கல் சூளையில் இன்னும் வேகாத பச்சைக்கல் மழை பட்டால் வெறும் மண். இன்று ஒன்றுகூடக் கரையவில்லை.

"எட்டாவதோட நின்ன புள்ள வானத்தையே படிக்குதே," என்றார் மேஸ்திரி. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போனில் ரேடார் படம் பார்ப்பது பெரிய வித்தையா? நகரத்திலிருந்து ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. கொஞ்சம் திரும்பினால் பச்சை, நிறையத் திரும்பினால் சிவப்பு, ஒன்றும் திரும்பாவிட்டால் கறுப்பு. அவ்வளவுதான்.

ஜூன் 14
எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் கொட்டிய மழை எங்களைத் தாண்டி நகரத்துக்குப் போனது. படத்தில் நகரத்தின் மேல் அடர்ந்த சிவப்பு. எங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை. "இனி வராது, கல்லைக் காய விடலாம்," என்றேன்.

"மேகம் இன்னும் கறுத்துக் கிடக்கே?" என்றாள் சித்தி.

"படத்துல இல்ல சித்தி."

தார்ப்பாயை எடுத்த பத்தாவது நிமிடம் முன்னதைவிடப் பெரிய மழை. மூட ஓடிய அம்மா மேல் கல் அடுக்கு சரிந்தது. மண்ணுக்குள்ளிருந்து அவள் செருப்பு மட்டும் தெரிந்தது. நான் கத்தக்கூட இல்லை. ஏன் கத்தவில்லை?

ஜூன் 15
ஆஸ்பத்திரி. அம்மாவுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிவு. என் முகத்தைப் பார்த்து அவள் கேட்டாள், "நீயா கல்லத் தள்ளுன? போய் டீ வாங்கிட்டு வா."

ஜூன் 17
ரேடார் படத்தின் கீழே இருந்த வானிலை அலுவலக எண்ணுக்கு நானே போன் செய்தேன். நான்கு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டு ஐந்தாவது முறை பேசினேன். "ரேடார் மேலயும் பக்கத்துலயும் பலமா பெய்ஞ்சா, அந்த மழையே அலையைத் தின்னுடும்மா. அதுக்குப் பின்னாடி இருக்கிற மழை படத்துல வராது," என்றார் அந்த அதிகாரி.

இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒரே கறுப்புதானா? இதை யாரும் ஏன் படத்தில் எழுதி வைக்கவில்லை?

ஜூலை 2
நகரத்தின் மேல் மறுபடி அதே சிவப்பு. எங்கள் பக்கம் காலி. "என்ன, தார்ப்பாயை எடுக்கலாமா?" என்று மேஸ்திரி கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியல. அந்தச் சிவப்பு போற வரைக்கும் நம்ம பக்கம் இதுல தெரியாது," என்றேன். சூளை முழுக்கக் கேட்டிருக்கும்.

"தெரியலங்கிறதுக்கு ஒரு போனா," என்று மேஸ்திரி முணுமுணுத்தார். ஆனாலும் யாரும் தார்ப்பாயைத் தொடவில்லை.

சாயங்காலம் வரை ஒரு துளிகூட விழவில்லை.