நான் பார்க்கிறேன் என்று சொன்ன வேலி

என் அன்பு மச்சான் தவத்துக்கு,

நான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் சிரித்திருப்பாய். "கடிதத்த முதல் பந்தியோட நிப்பாட்டிப் போடுவான்" என்று என் தங்கையிடம், அதாவது உன் மனைவி வசந்தியிடம், சொல்லியும் இருப்பாய். பார், இரண்டாம் பந்திக்கு வரப்போகிறேன்.

நீ எனக்கு வைத்த பட்டப்பெயர் இன்னும் என்னை விடவில்லை. தொடக்கவிழா! குருக்கள்மடத்தில் பாதிப் பேருக்கு என் பெயர் ரவீந்திரன் என்பதே மறந்திருக்கும். பட்டப்பெயர் பொருத்தம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. வீதியோரம் நான் கட்டத் தொடங்கிய கடை இடுப்பளவுச் சுவரோடு நிற்கிறது. மழைக்கு ஊர் ஆடுகள் அதற்குள் படுக்கின்றன. கோழிக்கூட்டுக்குக் கூரை போடுமுன் கோழி வளர்க்கும் ஆசை போய்விட்டது. கட்டாருக்குப் போனேன், ஒப்பந்தம் முடியுமுன் வந்துவிட்டேன். ஒவ்வொன்றையும் தொடங்கும்போது இருந்த உற்சாகம் பொய்யில்லை மச்சான். அது ஏன் பாதி வழியில் என்னை விட்டுவிட்டுப் போகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருந்ததா? ஒருநாளாவது உன்னிடம் கேட்டிருக்கலாம்.

இனி, நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

விதைப்பு முடிந்து பயிர் பச்சை பிடிக்கிற நேரத்தில், நெஞ்சு நோகிறது என்று படுத்தவன் நீ எழும்பவே இல்லை. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல்வெளியான வட்டைக்குள், உன் பயிர் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. நம் பக்கத்து வழக்கப்படி அப்பா அந்த வயலை வசந்திக்குச் சீதனமாகக் கொடுத்தார். அதைப் பாடுபட்டு வயலாக வைத்திருந்தது நீ. எனக்கு அதில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்ததும் வட்டை விதானை பேச்செடுத்தார். வயல்காரர்கள் கூடித் தெரிந்தெடுத்த மனிதர், அவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். வட்டையைச் சுற்றி ஒரே வேலி. காணிக்காரர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு துண்டு. ஒருவருடைய துண்டு சரிந்தால் மாடு எல்லோருடைய வயலுக்குள்ளும் இறங்கும். உனக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை, நான்தான் அன்றைக்கு முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். தவத்தின் வேலியை இனி யார் பார்ப்பது என்று கேட்டார். ஆள் இல்லாவிட்டால் இந்த வெள்ளாமை முடிந்ததும் காணியை வெளியாருக்குக் குத்தகைக்கு விடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்றார்.

வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். உன்னுடையது என்று அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த வயல்தான். அதுவும் கைமாறிப் போனால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் பாக்கிறன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. செத்த வீடு என்பதால் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் சில நாட்கள் என்னைப் பார்த்திருக்க வேண்டும் நீ. புதுக் கத்தி, புதுச் சப்பாத்து. விடியவே மோட்டார் சைக்கிளைப் பாதைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்து அம்பிளாந்துறையில் இறங்கினால், மத்தியானம் வரை வேலிதான். பிறகு மழை பிடித்தது. அட்டை காலில் ஏறியது, முள்ளுக்கம்பி கையைக் கிழித்தது. தினமும் போனவன் ஒன்றுவிட்டு ஒருநாள் போனேன். அதன்பிறகு வானம் வெளிக்கட்டும் என்று வீட்டில் இருந்தேன். உற்சாகம் போனதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பாசிக்குடாவிலிருந்து பழைய கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான். ஹோட்டலில் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறக்கிறார்களாம், பொறுப்பாகப் பார்க்க ஆள் வேண்டுமாம். மச்சான், எனக்கு மனம் துள்ளியது. அந்தத் துள்ளலை நீ அறிவாய். புதிதாக ஒன்று என்றதும் எனக்குப் பசிகூடத் தெரியாது.

வசந்தி இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். லீவு நாட்களில் வந்து வேலியைப் பார்ப்பேன், பக்கத்து வயல் செல்லத்துரையிடமும் சொல்லிவிட்டுப் போவேன் என்று அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். அவள் கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"போறதெண்டா போ அண்ண. ஆனா போயிற்று வாறன் எண்டு சொல்லாத. போறன் எண்டே சொல்லு."

நம் ஊரில் யார் அப்படிச் சொல்லிப் படி இறங்குவார்கள்? சாவு வீட்டில்கூட ஒன்றும் சொல்லாமல்தானே எழும்பிப் போவோம்.  இரண்டில் எதையும் சொல்லாமல் இறங்கி, செல்லத்துரையைப் பார்க்கப் படகுக்குப் போனேன்.

வட்டையில் செல்லத்துரை தன் வேலியைக் கட்டிக்கொண்டு நின்றார். சரியாக உன் எல்லை தொடங்கும் இடத்தில் அவருடைய கம்பி முடிந்திருந்தது. அங்கிருந்து உன் துண்டு பார்க்கச் சகிக்கவில்லை. கட்டைகள் சேற்றில் சாய்ந்து, கம்பி தொய்ந்து, ஒரு மாடு தாராளமாக நுழையலாம். எனக்கு அவர்மீதுதான் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் கட்டியவர் இதையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் கை தேய்ந்துவிடுமா என்று கேட்டேவிட்டேன்.

அவர் கம்பியை விடவில்லை. இழுத்துக்கொண்டே சொன்னார்.

"தவம் செத்த மாசம் முழுக்க அவன்ட வேலிய ஆரு பாத்த எண்டு நினைக்கிறாய் தம்பி? நாங்கதான். வட்டையில எல்லாரும் ஆள்மாறி ஆள் வந்து கட்டின. மறுகா நீ பாக்கிறன் எண்டு சொன்னாய். அதால நாங்க கைய எடுத்த."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பித் தன் வேலையைப் பார்த்தார். பொறுப்பெடுத்த ஆள் இருக்கும்போது இன்னொருவருடைய வேலியில் கை வைக்க மாட்டார்கள், அது அந்த ஆளுக்கு அவமானம் என்பது வட்டையின் வழக்கம். எனக்கு மரியாதை தந்துதான் விலகியிருக்கிறார்கள்!

நான் வரம்பிலேயே இருந்துவிட்டேன். என் கடைச் சுவரும் கோழிக்கூடும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, ஊர் சிரித்ததோடு சரி. இது அப்படியில்லையே. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உன் வேலி நன்றாக நின்றிருக்கும். என் ஒரு சொல்லை நம்பி அத்தனை பேரும் கையை எடுத்திருக்கிறார்கள், நானும் கையை எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது மச்சான். அதைவிடப் பயமாக இருந்தது.

அங்கே இருந்தபடியே பாசிக்குடாக்காரனைக் கூப்பிட்டு வரமாட்டேன் என்றேன். அவன் வாய்க்கு வந்தபடி ஏசினான். அதோடு எனக்குள் ஊக்கம் பொங்கி எழுந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பொங்கவில்லை. குளிராக இருந்தது, பசித்தது. சாய்ந்த கட்டையை நிமிர்த்தினேன், பிறகு அடுத்ததை.

அடுத்த நாளும் மனம் வரவில்லை, போனேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மனம் வந்தால் செய்யலாம் என்றே இத்தனை வயது வரை இருந்துவிட்டேன். சில நாட்களில் பாதி வேலிக்குப் பிறகுதான் மனம் வந்தது, சில நாட்களில் வரவே இல்லை. மழைக் காலையில் நீ மோட்டார் சைக்கிளை உதைத்து, அது கிளம்பாமல் நின்றால் அதன் பரம்பரையையே ஏசுவாயே, அந்த முகம் அப்போதெல்லாம் நினைவுக்கு வந்தது. உனக்கு வயல் என்றால் உயிர், அதனால் உனக்குக் கஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். எத்தனை நாள் மனமில்லாமல் போனாய் மச்சான்? ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

விளைச்சல் உன் கைக்கு வந்த மாதிரி இல்லை. தண்ணீர் கட்டத் தெரியாமல் வரம்புக்குள் ஒரு வரவைப் பயிரை மஞ்சளாக்கிவிட்டேன். ஆனை ஒருமுறை குளத்துப் பக்கமாக வந்து வெடிச் சத்தத்துக்குத் திரும்பியது. அன்றைக்கு நான் காட்டிய வீரத்தைச் செல்லத்துரையிடம் கேட்டுவிடாதே. ஆனால் மாடு இறங்கவில்லை. வேலி நின்றது.

வெட்டுமெசின் வந்த அன்று வசந்தி உன் மகளைக் கூட்டிக்கொண்டு படகேறி வந்தாள். நீ போனபின் அவள் அக்கரைக்கு வந்தது அன்றுதான். ஒரு பிடி நெல்லை அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள். சுற்றிலும் மெசின் இரைச்சல். என் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"அண்ண, அடுத்த பெரும்போகத்துக்கு விதைநெல் எடுத்து வைக்கட்டா?"

பழைய ஆளென்றால் அவள் கேட்டு முடிக்குமுன் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வாய் திறக்கவில்லை. மழையை நினைத்தேன், அட்டையை நினைத்தேன், நான் ஒரு சொல் சொன்னதும் பேசாமல் விலகி நிற்கப்போகும் அத்தனை பேரையும் நினைத்தேன். மெசின் வயலின் மறு தலைப்புக்குப் போய்த் திரும்பி வந்தது. வசந்தி அவசரப்படுத்தவில்லை.

"ஓம்" என்றேன்.

அவள் அழுதாள். நீ போனபிறகு என் முன்னால் அவள் அழுதது அன்றுதான். நான் உடனே ஓம் என்றிருந்தால் அழுதிருக்க மாட்டாள் மச்சான், தலையை ஆட்டிவிட்டுக் காணிக்கு வேறு ஆள் தேடியிருப்பாள். நான் அவ்வளவு நேரம் தயங்கியதைப் பார்த்துத்தான் என்னை நம்பினாள்.

இப்போது அந்த விதைநெல்லைத்தான் விதைத்திருக்கிறோம். அடுத்த கிழமை உன் ஆண்டுத் திவசம். இந்தக் கடிதத்தின் முடிவில் உனக்கு ஒரு வாக்குத் தர நினைத்தேன், ஆனால் எழுத வரவில்லை. பேனையை வைத்துவிட்டு, வாவியைக் கடந்து, உன் துண்டு வேலியின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை நடந்துவிட்டு வந்தேன். இப்போது எழுதுகிறேன்: நான் இருக்கும்வரை அதில் வேறொருவர் கை வைக்க வேண்டி வராது.

உன் பிள்ளைக்கு மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
ரவீந்திரன்